டயரை மாற்றுவதற்கு முன் இங்கே போங்கள்: புழல் பக்கத்து ஜாயின்ட் பட்டறை

பழைய மாருதி ஜிப்ஸியோ மஹிந்திரா மேஜர் ஜீப்போ வைத்திருக்கும் யாராவது "அறுபதைத் தாண்டினா அடியில உதறுது" என்று சொன்னால், இனி நான் கைகாட்டப் போவது ஒரே இடம்தான். சென்னை புழலில் ஜி.என்.டி. சாலையை விட்டு உள்ளே போனால், லாரி ஜாயின்ட் (இன்ஜின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டு) வேலைக்கென்றே இருக்கும் பட்டறை. பெயரும் நம்பரும் பொதுவில் போட வேண்டாம் என்று பட்டறைக்கார பாய் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் லாரிக்காரர்களிடம் ஜாயின்ட் பாலன்சிங் பாய் என்று விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள்.

என் வண்டி 1998 ஜிப்ஸி கிங், அப்பா வாங்கியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் முடிச்சூரில் அச்சு முழுக தண்ணீரில் நின்றது. வடிந்ததும் ஒரு இடத்தில் ஆயில் எல்லாம் மாற்றி, ஷாஃப்டைக் கழற்றி மாட்டித் தந்தார்கள். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறி 65 தொட்டால் சீட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம். 75-ல் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகிவிடும். வீல் பாலன்சிங் என்றார்கள், அலைன்மென்ட் என்றார்கள், கடைசியில் டயர் என்றார்கள். எல்லாம் செய்தாயிற்று, உதறல் அப்படியே இருந்தது.

பாய் வண்டியைத் தூக்குவதற்கு முன்னால் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். எனக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். பைபாஸில் 70-க்குப் போகச் சொன்னார், நியூட்ரல் போடச் சொன்னார். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் ரீங்காரம் போகவில்லை. "இன்ஜின் இல்ல, கிளட்ச்சும் இல்லம்மா. ரோடு ஸ்பீடோட சுத்துற ஏதோ ஒண்ணு." அடுத்து கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். 65 கிலோமீட்டரில் ஜிப்ஸி சக்கரம் நொடிக்கு எட்டு, ஒன்பது சுற்று சுற்றும். அது கெட்டிருந்தால் ஸ்டியரிங்கிலோ சீட்டிலோ குலுக்கலாகத் தெரியும். ஷாஃப்ட் அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் அதன் கோளாறு தரைத்தகட்டில் ரீங்காரமாகத்தான் வரும். இந்தக் கணக்கை முன்னமே யாராவது போட்டிருந்தால் டயர் காசு மிச்சம்.

ஜிப்ஸியில் கியர் பாக்ஸும், முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று இருப்பதால் எது குற்றவாளி என்று ஊகிக்க முடியாது. பட்டறையில் பெயின்ட்டால் அடையாளம் வைத்துப் பின் ஷாஃப்டை முழுசாகக் கழற்றினார்கள். முன் சக்கரங்களின் நடுவில் உள்ள ஹப்பை லாக் செய்து, நாலு வீல் லீவரைப் போட்டு, முன் சக்கர இழுவையில் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். ரீங்காரம் சுத்தமாக இல்லை. குட்டி ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ், நாலு டயர் எல்லாம் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆக மிச்சம் பின் ஷாஃப்ட்.

கழற்றிய ஷாஃப்டை மேஜையில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் உள்ள கியர் பெட்டி) பக்கத்துக் கிராஸின் (ஜாயின்டின் நடுவில் கூட்டல் குறி மாதிரி இருக்கும் இரும்பு) கப் ஓரத்தில் குங்குமம் கொட்டின மாதிரி துருப்பொடி. கையால் மடக்கினால் வழுக்கிக்கொண்டு போகாமல் நடுவில் ஒரு இடத்தில் கடக்கென்று நின்று போனது. கப்பைத் தட்டி எடுத்தால், கிராஸின் தண்டில் ஊசி பேரிங் பதிந்த கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. வெள்ளத் தண்ணீர் கிரீஸை வெளியேற்றிவிட்டு உள்ளே துருவை வைத்திருக்கிறது.

அதைவிடப் பெரிய கோளாறு ஸ்லிப் ஜாயின்டில், அதாவது ஷாஃப்ட் நீண்டு சுருங்குவதற்காகப் பல் வைத்துச் சொருகும் இடத்தில். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் யோக் (கவை) ஒரே நேரில் இருக்க வேண்டும். ஒரு கிராஸ் சாய்ந்து சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனைக் கிராஸ் சமன் செய்வதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வெள்ளத்துக்குப் பின் மாட்டித் தந்தவர்கள் அடையாளம் வைக்காமல் பல் மாறிச் சொருகியிருந்தார்கள். சமன் செய்ய வேண்டிய முனை அதிர்வைக் கூட்டிக்கொண்டிருந்தது. கழற்றும் முன் சுண்ணாம்பில் ஒரு கோடு இழுத்திருந்தால் போதும், இது நடந்தே இருக்காது. இதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இரண்டு கிராஸும் புதிது போட்டு, யோக்கை நேராக்கி, மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டு, குழாயில் சின்னத் தகடு ஒன்றை வெல்டு வைத்துப் பாலன்ஸ் செய்தார்கள். கிளட்ச் விடும்போது வரும் 'தட்' சத்தத்துக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்ட் ரப்பர் மூன்றும் மாறின. ரப்பர் விஷயத்தில் பாய் கறார்: புதுப்பேட்டையில் கிடைக்கும் கல் மாதிரியான டூப்ளிகேட்டை நான் வாங்கி வந்தபோது, நகத்தால் அழுத்திப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியல் மூக்கின் சாய்வையும் கோணமானி வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. "இதுல கை வைக்க வேணாம்மா, செலவு தண்டம்" என்று விட்டுவிட்டார். இப்படிச் சொல்லும் பட்டறை எனக்கு அபூர்வம்.

சாமான், பாலன்சிங், கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். கையால் எழுதிய பில், சாமானுக்குத் தனி, கூலிக்குத் தனி. பழைய கிராஸைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

குறையும் உண்டு. லாரிக்குத்தான் முதல் மரியாதை. சரக்கு லாரி ஒன்று வந்து நின்றால் உங்கள் வண்டி ஜாக்கியிலேயே காத்திருக்கும். உட்கார இடமில்லை, பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை. நாள் முழுக்க வேலை நடக்கும் இடத்தில் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும், பாயிடமும் சொன்னேன். டிஃபரன்ஷியல் உள்வேலை இங்கே எடுப்பதில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் வருகிறது என்றால் அநேகமாக பினியன் பேரிங். அதற்கு வேறு ஆள் பாருங்கள்.

இப்போது பைபாஸில் 80 வரை கண்ணாடி தெளிவாக இருக்கிறது. 500 கிலோமீட்டர் ஓடியபின் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொன்னார்; போனேன், காசு வாங்கவில்லை.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போங்கள். ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் அதை மட்டும் சுரண்டிவிடுங்கள், அதுவே உதறலுக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் வண்டியின் அடியை வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டுப் போகாதீர்கள். துருப்பொடியும் தரைத்தகட்டில் தெறித்த கிரீஸும் இருந்தால்தான் எந்த ஜாயின்ட் என்று அவருக்குப் பார்த்ததும் தெரியும்.