டாகிட்டி: அம்புக்குறிகளிடம் கேள்வி கேட்க ஒரு கருவி

எது எதற்குக் காரணம் என்று வரைந்து, அந்த வரைபடத்திடமே கேள்வி கேட்க விரும்புவோருக்கு, ஜோஹன்னஸ் டெக்ஸ்டோர் உருவாக்கிய டாகிட்டி (DAGitty) என்ற கருவியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இது இலவசம், உலாவியிலேயே இயங்கும்.

புகைபிடித்தலிலிருந்து நுரையீரலில் படியும் தார் வழியாகப் புற்றுநோய்க்கும், வயதிலிருந்து புகைபிடித்தலுக்கும் புற்றுநோய்க்கும் அம்புகளை இழுத்து, புகைபிடித்தலைக் காரணமாகவும் புற்றுநோயை விளைவாகவும் குறித்தவுடன், காரண வழி பச்சையாகவும் வயது வழியாகச் சென்று பிழைக்கு இடந்தரும் வழி சிவப்பாகவும் மாறின. மொத்த விளைவை அறிய வயதை மட்டும் கணக்கில் கொண்டால், அதாவது ஒரே வயதினரை ஒப்பிட்டால், போதும் என்று பக்கத்துக் கட்டம் சொன்னது. தாரையும் சேர்த்தால் நாம் அளக்க வந்த வழியையே அடைத்துவிடுவோம் என்பது, பலமுறை படித்தும் எனக்குப் பிடிபடாதது, இங்கே கண்ணெதிரே விளங்கியது. புகைபிடித்தலையும் புற்றுநோயையும் ஒருசேரத் தூண்டும் மரபணு ஒன்றை அளக்கப்படாத காரணியாகச் சேர்த்துப் பாருங்கள்: எதைக் கணக்கில் கொண்டாலும் அந்தப் பிழையை நீக்க முடியாது என்று கருவி நேர்மையாகச் சொல்லிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது, வரைபடம் சரியென்றால் தரவில் எவை ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்று அது தரும் பட்டியல்தான். புகைபிடிக்கும் அளவு ஒன்றாக உள்ளவர்களிடையே வயதுக்கும் தாருக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்கிறது. இதை ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கான அதன் தொகுப்பைக் கொண்டு உண்மையான தரவில் சோதிக்கலாம்.

அம்பு எவ்வளவு வலிமையானது என்பதை வரைபடத்தால் மட்டும் சொல்ல முடியாது. விலையும் தேவையும்போல ஒன்றையொன்று மாறிமாறிப் பாதிக்கும் சுழல்களுக்கும் இது பொருந்தாது. அவற்றுக்குத் தெளிவற்ற அறிதல் வரைபடம் (fuzzy cognitive map) போன்ற, சுழல்களையும் ஏற்கும் கருவிகள் வேண்டும்.