தக்கைத் தூண்டிலா, ஜிக்கா?

நெல்லைப் பக்கம் பெரும்பாலானவர்களுக்குத் தக்கையும் மண்புழுவும் போதும். புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு, தக்கை அமுங்கும்வரை கரையில் ஊர்க்கதை பேசலாம். சின்னப் பிள்ளைகூடச் சீக்கிரம் பழகிவிடும். கெண்டை, கெளுத்தி கிடைக்கும்.

ஜிக் அப்படியில்லை, கைக்கு ஓயாமல் வேலை. கொக்கியின் தலையிலேயே ஈயம் வார்த்திருக்கும். அதில் ரப்பர் மீனை மாட்டுவார்கள். ட்ரவுட் என்ற மலையோடை மீனுக்கு 2 கிராம் அளவில் இருந்தாலே போதும். எறிந்து, அடிவரை இறங்கவிட்டு, கம்பு நுனியை மெதுவாகத் தூக்கி, மறுபடி இறக்க வேண்டும். மீன் பெரும்பாலும் அது இறங்கும்போதுதான் கவ்வும். அப்போது தூண்டில் நரம்பு தொளதொளவென்று கிடந்தால் கடி தெரியாது. விறைப்பாகப் பிடித்தால் ஜிக் இயல்பாக விழாது. அந்த நடுப்பதம் வரத்தான் நாளாகும்.

ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், நீலகிரி மாதிரி மலைப்பக்கம் போகணும். ஆனால் இதே கைப்பழக்கம் தாமிரபரணிக் கசங்களில், அதாவது ஆற்றின் ஆழமான மடுக்களில், வாளைக்கு உதவும், ஜிக் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும்.

குளத்துக்கு ஜிக் சரிப்படாது. அமலைச் செடியிலும் தாமரைக்கொடியிலும் மாட்டி அறுந்தே போகும். அங்கே விராலுக்கு, கொக்கி வெளியே தெரியாத ரப்பர் தவளைதான் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கி ஓடும்போதும் புழுவுக்கே என் ஓட்டு; கலங்கலில் மீனின் கண்ணில் ஜிக் படாது, புழுவின் வாசனை எட்டும்.

அப்புறம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே இரண்டுமே வேண்டாம்.