பிளாஸ்டிக் கலந்த பேவர் பிளாக்னு யாராச்சும் வந்தா உஷார்

மதுரைல நம்ம வீட்டு வாசல்ல கார் நிறுத்த 400 சதுர அடிக்கு பேவர் பிளாக் போட்டேங்க, போன ஆடில போட்டது, தை முடியல, அதுக்குள்ள டயர் ஏறுற ரெண்டு வரிசையும் நொறுங்கி பொடியா கெடக்கு.

விக்க வந்தவர் சொன்னது இதான்: "சார் இது சாதா பிளாக் இல்ல, பழைய பிளாஸ்டிக்க அரைச்சு சிமெண்ட்ல போட்டது, நம்ம தியாகராஜர் காலேஜ் வாசுதேவன் சார் பத்மஸ்ரீ வாங்குனாருல்ல, அதே டெக்னாலஜி." மதுரைக்காரன்கிட்ட அந்தப் பேர சொன்னா விழாம இருப்பானா, சதுர அடிக்கு 8 ரூவா கூட குடுத்து வாங்குனேன்.

அப்புறம்தான் உறைச்சுச்சு, வாசுதேவன் சார் பண்ணது தார் ரோடு! சூடான ஜல்லி மேல பிளாஸ்டிக் உருகி படியும், அதுல தார் நல்லா புடிச்சுக்கும். சிமெண்ட்ல ஏது சூடு, தண்ணிதான். பிளாஸ்டிக்கோ வழவழன்னு இருக்கும், தண்ணியும் ஒட்டாது சிமெண்ட் பாலும் ஒட்டாது, அள்ளிப் போட்டா உள்ளுக்குள்ள ஓட்டை விட்ட மாதிரிதான், வலு இறங்கிரும்.

அமெரிக்கால எம்ஐடி பசங்க 2017ல பிளாஸ்டிக் சேத்து கான்கிரீட்ட ஸ்ட்ராங் ஆக்குனாங்கன்னு விக்க வந்தவர் ஒரு பிரிண்ட் அவுட் வேற காட்டுனாரு. அது பொய் இல்ல. ஆனா அவங்க பாட்டில் பிளாஸ்டிக்க காமா கதிர்ல வெச்சு, மாவா அரைச்சு, 1.5 சதவீதம் மாதிரி துளியூண்டுதான் சேத்தாங்க. உங்க பட்டறைல காமா கதிர் எங்கண்ணே இருக்குன்னு கேக்க அன்னைக்கு எனக்கு புத்தி வரல.

உடைஞ்ச கல்ல திருப்பிப் பாத்தா பால் கவர் துண்டு, ஷாம்பு பாக்கெட் துண்டு எல்லாம் முழுசு முழுசா நீட்டிக்கிட்டு நிக்குது. உடையாத கல்லா பாத்து எடுத்துட்டுப் போயி ஒரு காலேஜ் லேப்ல குடுத்தேன். கார் நிக்கிற எடத்துக்கு 60 எம்எம் கல்லு, பேவர் பிளாக்குக்கான ஐஎஸ் 15658ங்கிற இந்தியத் தர விதிப்படி எம்35 வரணும், அதாவது நசுக்கிப் பாத்தா சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் அழுத்தம் தாங்கணும், 35 இருக்க வேண்டிய எடத்துல 13 சொச்சம்தான் வந்துச்சு.

கொத்தனார் பூச்சுக்கு மூட்டைக்கு 125 கிராம்னு ஃபைபர் பாக்கெட் போடுவாரே, அதுவும் பிளாஸ்டிக் வகைதான், பூச்சுல முடி மாதிரி மெல்லிசா வெடிப்பு வராம இருக்க போடுறது, அத இதோட சேத்து குழப்பிக்காதீங்க.

வாங்குறவங்க அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே 28 நாள் டெஸ்ட் ரிப்போர்ட் (கல்லு வார்த்து 28 நாள் கழிச்சு வலு பாக்குறது) கேளுங்க, எத்தன சதவீதம் பிளாஸ்டிக்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. என் பில்லுல வெறும் "கல்"னுதான் இருக்கு. வித்தவருக்கு போன் போட்டா "நீங்க க்யூரிங் சரியா பண்ணல சார்"ங்கிறாரு, அதாவது தண்ணி விட்டு ஈரமா வெச்சு இறுக விடலையாம். காஞ்ச கல்ல லாரில கொண்டாந்து எறக்குனது அவர்தானே, நான் என்னத்த க்யூரிங் பண்றது?