மீடியா கம்யூனிகேஷன்ஸ் டிகிரியா, ப்ரொடக்‌ஷன் டிப்ளமோவா? நான் ஏன் டிகிரி பக்கம்

ப்ளஸ் டூ முடிச்சப்போ எனக்கும் என் நண்பனுக்கும் மீடியா மேல ஒரே அளவு ஆசை. அவன் ஒரு வருஷ ப்ரொடக்‌ஷன் டிப்ளமோவுக்குப் போனான், நான் யுனிவர்சிட்டில மூணு வருஷ மீடியா அண்ட் கம்யூனிகேஷன்ஸ் சேர்ந்தேன். ரெண்டு பேரும் இன்னும் இதே ஃபீல்டுலதான் இருக்கோம். இப்போ தம்பி தங்கச்சிங்க வரிசையா வந்து எதுல சேரலாம்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போடுறதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்கயே எழுதிடறேன். என் ஓட்டு டிகிரிக்குத்தான், அதை மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

தெரிஞ்ச விஷயத்தை சட்டுனு முடிச்சுடறேன். டிப்ளமோ சீக்கிரம் முடியும், செலவு கம்மி, முதல் வாரமே கேமரா கைக்கு வந்துடும், வெளிய வரும்போது ஷோரீல், அதாவது நீங்க பண்ணின வேலையைக் காட்டுற சின்ன வீடியோ, ரெடியா இருக்கும். டிகிரில பட்டம் கிடைக்கும், மேல படிக்க வழி இருக்கும். முதல் வேலை விஷயத்துல டிப்ளமோ கண்டிப்பா முந்தும். நான் ரெண்டாவது வருஷம் தியரி பேப்பருக்கு ராத்திரி முழிச்சு படிச்சுட்டு இருந்தப்போ அவன் எடிட் ரூம்ல உட்கார்ந்து சம்பளம் வாங்கிட்டு இருந்தான், தப்பான முடிவு எடுத்துட்டோமோன்னு அப்போ ரொம்பவே கலங்கினேன்.

ஆனா நான் பார்க்கச் சொல்ற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். படிச்சது எத்தனை வருஷம் தாங்கும், அதைத் தாங்க வைக்க நீங்க எவ்வளவு நேரமும் காசும் திரும்பத் திரும்பப் போடணும்? வண்டி வாங்கும்போது மெயின்டனன்ஸ் பார்க்குறோம்ல, அதே கணக்கு.

சாஃப்ட்வேர் கதையை எடுத்துக்கோங்க. 2011 ஜூன்ல ஆப்பிள் ஃபைனல் கட் ப்ரோ டென்னுங்கிற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரைக் கொண்டு வந்தப்போ, பழைய ஃபைனல் கட் ஏழுல பண்ணின ப்ராஜெக்ட்டை அதுல நேரா ஓபன் பண்ணவே முடியல, வருஷக்கணக்கா அதுலயே கை பழகினவங்க ஒரே நாள்ல புது ஆளா ஆயிட்டாங்க. ஃப்ளாஷ் இன்னும் மோசம், ஒரு காலத்துல வெப் அனிமேஷன்னாலே அதுதான், 2020 டிசம்பர் 31ஓட அடோபி சப்போர்ட்டையே நிறுத்திட்டாங்க, அடுத்த ஜனவரி 12ல இருந்து ப்ளேயர்ல எதுவும் ஓடாம தடுத்தும் விட்டாங்க. அகலமான ஃப்ரேமுக்கு கம்போஸ் பண்ணப் பழகின கை இப்போ ஃபோனை நிமிர்த்திப் பிடிச்ச ஃப்ரேமுக்கு மாற வேண்டியிருக்கு. என் நண்பன் இதுக்கெல்லாம் ஈடு கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கான், ஆனா அவன் சொந்த நேரத்துல, சொந்தக் காசுல, ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து கத்துக்கிட்டு. எந்த இடத்துல வெட்டணும்ங்கிற கண்ணு அவனுக்கு அப்படியே இருக்கு, அது பழசாகவே ஆகாது, ஆனா அந்தக் கண்ணு வேலை பார்த்துப் பார்த்து வந்தது, கோர்ஸ்ல பாதி நேரம் மெனுவும் ஷார்ட்கட்டும்தான் போச்சுன்னு அவனே சொல்லுவான்.

டிகிரி பக்கம் வருவோம். முதல் வருஷம் லாஸ்வெல்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1948ல எழுதின கேள்வியை படிச்சோம்: யாரு, என்ன சொல்றாங்க, எந்த வழியா, யாருக்கு, என்ன விளைவோட. இதைப் படிக்கவா யுனிவர்சிட்டி வந்தோம்னு அப்போ தோணுச்சு. அப்புறம் மெக்கோம்ப்ஸ், ஷான்னு ரெண்டு மீடியா ஆய்வாளர்களோட ஆய்வு வந்துச்சு. 1968 அமெரிக்கத் தேர்தல்ல யாருக்கு ஓட்டுன்னு முடிவு பண்ணாத 100 பேர்கிட்ட எது முக்கியமான பிரச்சனைன்னு கேட்டு, அவங்க பார்க்குற செய்திகள்ல எதுக்கு எவ்வளவு இடம் கொடுத்துருக்காங்கன்னு எண்ணி, ரெண்டையும் ஒப்பிட்டாங்க, வரிசை கிட்டத்தட்ட ஒண்ணாவே இருந்துச்சு. 1972ல வெளிவந்த அந்த ஆய்வோட முடிவைவிட, செய்தியை இப்படி எண்ணிப் பார்க்கலாம்ங்கிறதுதான் எனக்குப் பெரிய விஷயமா பட்டுச்சு.

ரெண்டாவது வருஷம் எங்களையே எண்ணச் சொன்னாங்க. செய்தித்தாள் முதல் பக்கங்கள்ல இருந்து 100 செய்தி, நானும் கூடப் படிச்ச பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் கேக்காம தனித்தனியா ஒவ்வொண்ணும் எந்த வகைச் செய்தின்னு ஒரு தாள்ல, அதாவது கோடிங் ஷீட்ல, குறிக்கணும். "ஊழல் வழக்கில் அமைச்சர் கைது"னு ஒரு செய்தி. நான் அரசியல்னு போட்டேன், அவ குற்றம்னு போட்டா. அந்த ஒரு செய்திக்கு மட்டும் ஒரு மணி நேரம் வாதாடியிருப்போம், கடைசில தலைப்புல இருக்குற செயல் என்னவோ அதைத்தான் பார்க்கணும், ஆளோட பதவியைப் பார்க்கக் கூடாதுன்னு கோட்புக்ல (எதை எந்த வகைல போடணும்னு விதி எழுதி வைக்கிற நோட்டு) ஒரு வரி எழுதிட்டு மறுபடி முதல்ல இருந்து குறிச்சோம். எண்பது சதவீதத்துக்கு மேல ஒத்துப்போச்சுன்னு சந்தோஷமா போய் நின்னா, மேடம் போர்டுல ஒரு கணக்கு போட்டாங்க. ரெண்டே வகைதான் இருக்குன்னு வச்சுக்கோங்க, ரெண்டு பேரும் செய்தியைப் படிக்காமயே 100க்கு 90ஐ ஒரே வகைல கண்ணை மூடிக்கிட்டு போட்டாலும் 82 சதவீதம் தானா ஒத்துப்போகும். அந்த அதிர்ஷ்டத்தைக் கழிச்சுப் பார்க்கத்தான் கோஹன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1960ல கப்பானு ஒரு அளவு கொடுத்தாருன்னு சொன்னாங்க. எங்களுக்குப் பல வகை இருந்ததால எங்க கணக்கு அவ்வளவு மோசமா வரல, ஆனா அன்னைல இருந்து யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னா, சும்மா விட்டா எவ்வளவு வந்திருக்கும்னுதான் முதல்ல கேக்கத் தோணுது.

இது வேலைல எங்க வந்துச்சுன்னா, கஸ்டமர்ங்க எழுதுற புகாரை எல்லாம் வகைபிரிச்சு அறிக்கை கொடுக்குற டீம்ல நான் சேர்ந்தேன். மூணு பேர் மூணு விதமா பிரிச்சுட்டு இருந்தாங்க, மாசா மாசம் ரிசல்ட் வேற வேற. உட்கார்ந்து ஒரு கோட்புக் எழுதினேன், அவ்வளவுதான், எண்ணிக்கை நிலைக்கு வந்துச்சு. அப்போ எக்செல்ல பண்ணோம், இப்போ ஏஐ டூல் பிரிச்சுக் கொடுக்குது, ஆனா அது சரியா பிரிக்குதான்னு பார்க்க நான் ஒரு பங்கை கையால குறிச்சு அதே கப்பாதான் போட்டுப் பார்க்குறேன். டூல் மாறிடுச்சு, நான் படிச்சதுக்கு ஒரு பைசா மெயின்டனன்ஸ் ஆகல.

டிகிரில குறை இல்லாம இல்ல. கையால செய்யுற நேரம் ரொம்பக் கம்மி, கேம்பஸ் ரேடியோ, மாணவர் பத்திரிகைன்னு நீங்களா தேடிப் போய் சேரலைன்னா ஒரு மைக்கைக்கூட சரியா வைக்கத் தெரியாம வெளிய வந்துடுவீங்க. சவுண்ட் ரெக்கார்டிங், ஒளிப்பதிவு மாதிரி வேலைலதான் மனசு இருக்குன்னா நான் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க, அந்த வேலைகளை நான் வெளியில இருந்து பார்த்ததோட சரி, அங்க கை பழகுற மணிக்கணக்குதான் பெருசுன்னு நினைக்கிறேன், டிப்ளமோவே பொருந்தலாம். பொருளாதாரமோ சட்டமோ படிச்சுட்டு அப்புறமா ஜர்னலிசம் பண்றதும் ஒரு வழி, கோர்ட் செய்தியோ பட்ஜெட்டோ எழுதணும்னா அவங்க கை ஓங்கித்தான் இருக்கும், நான் அந்த வழில போகாததால இதுக்கு மேல அளக்க விரும்பல.

டிகிரின்னு முடிவு பண்ணிட்டா பேரைப் பார்த்து சேராதீங்க, ஒரே பேர்ல நாலு விதமான கோர்ஸ் இருக்கு. சிலபஸை இறக்கி ரிசர்ச் மெத்தட்ஸ் எத்தனை பேப்பர்னு பாருங்க, ஒண்ணு மட்டும் அதுவும் கடைசி வருஷத்துல இருந்தா யோசிங்க. கடைசி ப்ராஜெக்ட்ல சொந்தமா டேட்டா எடுக்கணுமா, இல்ல புத்தகத்தைச் சுருக்கி எழுதினா போதுமான்னு கேளுங்க. முடிஞ்சா ஒரு சீனியரைப் பிடிச்சு அவங்களோட கோட்புக்கையோ பேட்டி எடுத்து எழுதின தாளையோ வாங்கி ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து படிங்க, அந்த வேலையை நாமளும் பண்ணிப் பார்க்கணும்னு கை துறுதுறுன்னு வந்தா அப்ளிகேஷன் போட்டுடுங்க.