சைக்கிள் சத்தத்துக்கு 11,650 ரூபாய் அழுதேன், நீங்க அழாதீங்க

நேத்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் விஷயம் தெரிஞ்சுது. இன்னும் கோபம் அடங்கலை, எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்குங்க. ரோட் பைக் வெச்சிருக்கறவங்க, முக்கியமா ஈசிஆர்ல ஓட்டறவங்க, முழுசாப் படிங்க. என்னை ஏமாத்தின கடையோட பேரு போடலை. போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு நண்பர் ஒருத்தர் பயமுறுத்தறார். சென்னையில கண்ணாடி முகப்பு, ஏசி, மூலையில காபி மெஷின்னு இருக்கற ஒரு பெரிய சைக்கிள் கடை, அவ்வளவுதான் சொல்வேன். சத்தம் எங்கேருந்து வருதுன்னு நாமளே கண்டுபிடிக்கற வழியைக் கடைசியில விவரமா எழுதறேன்.

என்னோடது அலுமினிய ஃப்ரேம் வண்டி, வாங்கி மூணு வருஷம். சனி, ஞாயிறு விடிகாலையில திருவான்மியூர்லேருந்து முட்டுக்காடு, கோவளம், கால்ல தெம்பு இருந்தா மகாபலிபுரம். ஜனவரியில ஒருநாள் முட்டுக்காடு பாலத்துல எதிர்காத்துல திணறிட்டு மிதிக்கறேன், கீழேருந்து ஒரு சத்தம். கட்... கட்... கட். மிதிக்கு ஒண்ணு. மிதிக்கறதை நிறுத்தினா அதுவும் நின்னுடுது. பின்னாடி வந்த நண்பன், "மச்சான், உன் வண்டியில யாரோ பழைய கட்டில்ல புரண்டு படுக்கறாங்கடா"ன்னான். அந்தச் சத்தத்தைக் கேட்டவங்களுக்குத்தான் தெரியும், அது காதுல விழ ஆரம்பிச்சா அப்புறம் கடலும் தெரியாது, காத்தும் தெரியாது. அது மட்டும்தான் கேக்கும்.

திங்கக்கிழமையே கடைக்குக் கொண்டு போனேன். ஏப்ரன் கட்டின பையன் வண்டியை ஸ்டாண்டுல மாட்டினான். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணை எடுத்து, முனையை மிதி அச்சு இருக்கற இடத்துல வெச்சு, கைப்பிடியைத் தன் காதுல வெச்சுக்கிட்டான். கண்ணை மூடிக்கிட்டு கிராங்கை மெதுவாச் சுத்தறான். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வெச்சா நாம மூச்சை அடக்கிட்டு நிப்போமே, அப்படி நின்னேன். ஒரு நிமிஷம் கழிச்சு கண்ணைத் திறந்து, "பிபி போயிடுச்சு சார்"ங்கறான். பாட்டம் பிராக்கெட், அதாவது மிதி அச்சு சுத்தற பேரிங் செட்டு. இவ்வளவு பொறுமையாப் பாக்கறானே, இவன்தான் சரியான ஆளுன்னு நினைச்சேன். அங்கதான் நான் விழுந்தது.

இப்ப நிதானமா யோசிச்சா ஒண்ணு உறைக்குது. வண்டி ஸ்டாண்டுல தொங்குது. மேல நான் உட்காரலை. என் எழுபத்தெட்டு கிலோ மேல ஏறி அழுத்தி மிதிச்சாத்தான் அந்தச் சத்தமே வரும். அப்ப அவன் கண்ணை மூடிக்கிட்டு என்னத்தைக் கேட்டான்?

பிபி செட்டு 2,850, லேபர் 900. மொத்தம் 3,750. வாட்டர் வாஷ் இலவசம்னாங்க. பில்லு கேட்டேன், 'எஸ்டிமேட்'னு அச்சடிச்ச தாள்ல எழுதிக் குடுத்தாங்க. ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. அதையும் கவனிக்காம மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டேன். அந்த வாரம் சத்தம் இல்லை. அடுத்த வாரம் உத்தண்டி டோல் தாண்டறதுக்குள்ள மறுபடி கட், கட்.

ரெண்டாவது தடவை போனா, "பிபி பக்கா சார், இது செயின் சத்தம்." செயின் செக்கரை மாட்டிக் காமிச்சாங்க. செயின் நிஜமாவே தேய்ஞ்சிருக்கலாம், அதுல நான் சண்டைக்கு வரலை. செயின், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), லேபர் சேர்த்து 5,700. மறுபடியும் வாட்டர் வாஷ், மறுபடியும் ஒரு வாரம் அமைதி. மூணாவது தடவை ஹெட்செட் பேரிங், அதாவது ஹேண்டில்பார் திரும்பற இடத்துப் பேரிங், 2,200. அப்ப ஆகமொத்தம் 11,650 ரூபாய். பதினோராயிரத்து அறுநூத்தி அம்பது! அதுல பொண்ணுக்கு ஒரு நல்ல சைக்கிளே வாங்கியிருக்கலாம்.

நாலாவது தடவை போன் பண்ணினப்பதான் அவங்க குரல் மாறிச்சு. முதல்ல "டெக்னீஷியன் லீவு சார், வந்ததும் கூப்பிடச் சொல்றேன்." அடுத்து "அலுமினிய ஃப்ரேம்னா லேசா சத்தம் இருக்கத்தான் சார் செய்யும்." அதுக்கு அடுத்து "நீங்க ரொம்ப உன்னிப்பாக் கேக்கறீங்க சார்." என் காதுலதான் கோளாறாம். வாட்ஸ்அப்ல சத்தத்தை ரெக்கார்டு பண்ணி அனுப்பினேன், ரெண்டு நீல டிக்கு, அவ்வளவுதான். கழட்டின பழைய பார்ட் எங்கன்னு கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்."

போன ஞாயித்துக்கிழமை தற்செயலா ஒரு விஷயம் நடந்துச்சு. முட்டுக்காடு பாலத்து ஏத்தத்துல சீட்டை விட்டு எழுந்து நின்னு மிதிச்சேன். சத்தம் இல்லை! உக்காந்தேன், வந்துச்சு. மறுபடி எழுந்தேன், போச்சு. பத்து தடவை பண்ணிப் பாத்தேன், பின்னாடி வந்தவங்க எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு நினைச்சிருப்பாங்க. நின்னு மிதிக்கும்போது மிதி அச்சுக்கு இன்னும் அதிக பாரம் ஏறுது. பிபி போயிருந்தா சத்தம் கூடணுமே தவிர எப்படிக் குறையும்? உக்காந்து மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் லேசா சாயுது, அதோட சீட்டைத் தாங்கற கம்பியும், அதான் சீட் போஸ்ட், ஃப்ரேம் குழாய்க்குள்ள ஒரு மயிரிழை அசையுது. அதான் மிதிக்கு ஒரு சத்தம். அலுமினியக் குழாய் சத்தத்தைக் கடத்திடும், காதுக்கு அது கீழேருந்து வர்ற மாதிரியே இருக்கும்.

அந்த வாரம் முழுக்க ஆபீஸ்ல மார்ச் மாச வேலை, நேத்து ராத்திரிதான் நேரம் கிடைச்சுது. சீட் உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டி அடையாளம் வெச்சுட்டு, ஆலன் கீயால கிளாம்ப்பைத் தளர்த்தி போஸ்ட்டை முறுக்கி இழுத்தேன். லேசுல வரலை. வந்தப்போ உள்ள இருந்த பாகம் முழுக்க சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி, கிளாம்ப் இடுக்குல நறநறன்னு மணல். மூணு வருஷ உப்புக்காத்தும் வியர்வையும் அலுமினியத்தை அரிச்சு வெச்சிருக்கு. கிரீஸுன்னு பேருக்குக்கூட இல்லை. பழைய பனியன் துணியால ரெண்டையும் துடைச்சு, கிரீஸ் தடவி, திருப்பி மாட்டினேன். தெருவுல நாலு ரவுண்டு உக்காந்தே அழுத்தி மிதிச்சேன். நாய்தான் குலைச்சுது, வண்டி கப்சிப். டப்பா கிரீஸ் எண்பது ரூபாய், இருபது நிமிஷ வேலை. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் அமைதியா இருந்தது அந்த வாட்டர் வாஷ் தண்ணி இடுக்குல இறங்கினதாலதான்னு இப்பத் தோணுது.

இதோட முடிஞ்சிருந்தா 'தெரியாமத் தப்பாச் சொல்லிட்டான்'னு விட்டிருப்பேன். சத்தத்தைக் கண்டுபிடிக்கறது நிஜமாவே கஷ்டம், நல்ல மெக்கானிக்கே ஏமாறுவான். ஆனா அதே துணியால வண்டியைத் துடைச்சிட்டே அடிப்பக்கம் வந்தேன். இடது பக்க பிபி கப்பு, அதாவது ஃப்ரேம்ல முறுக்கி மாட்டற பேரிங் மூடி. அதுல ஒரு சிவப்புப் பொட்டு.

போன ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் சந்தனம், குங்குமம் வெச்சோம். என் பொண்ணு மட்டும் "அது அழிஞ்சிடும்பா"ன்னு சொல்லி அவளோட நெயில் பாலிஷை எடுத்து, கீழே குனிஞ்சு, கப்பு ஓரத்துல ஒரு பொட்டு வெச்சா. பாதி கப்பு மேல, பாதி ஃப்ரேம் மேல. அது அப்படியே இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரிசல்கூட இல்லை. ஒர்க்‌ஷாப்ல நட்டு திரும்பினாத் தெரியணும்னு பெயிண்ட்ல கோடு போடுவாங்களே, அதைத்தான் எட்டு வயசுப் பொண்ணு தெரியாமப் பண்ணி வெச்சிருக்கா. கப்பைக் கழட்டவே இல்லைங்க. பிபி செட்டுன்னு 2,850 வாங்கினவன் ஸ்பேனரைக்கூட வைக்கலை. சைக்கிளோட பிபி அப்படியேதான் இருக்கு, ஏறினது என் பிபி.

காலையில போட்டோ எடுத்து அனுப்பினேன். மூணு மணி நேரம் கழிச்சு பதில் வந்துது: "இது நீங்க அப்புறம்கூட வெச்சிருக்கலாமே சார்." அதுக்கப்புறம் கூப்பிட்டா லைனே போகலை, பிளாக் பண்ணிட்டாங்க. 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசப் போறேன். ஆனா கையில இருக்கறது மூணு எஸ்டிமேட் தாள்தான். என் 11,650 ரூபாய் வருமான்னு கேட்டா எனக்கு நம்பிக்கை இல்லை.

விவரமா வழி எழுதறேன்னு சொன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது மட்டும்: முதல்ல எழுந்து நின்னு மிதிச்சுப் பாருங்க, சத்தம் நின்னா சீட்டு, சீட் போஸ்ட் பக்கம். நிக்கலைன்னா குயிக் ரிலீஸ் (சக்கரத்தை இறுக்கற லீவர்), பெடல், செயின்ரிங் (முன்பக்கப் பல்சக்கரம்) போல்ட்டு இதையெல்லாம் துடைச்சு இறுக்கிட்டு அப்புறம் பிபிக்குப் போங்க. கார்பன் போஸ்ட்டா இருந்தா கிரீஸ் தடவாதீங்க, அதுக்குத் தனி பேஸ்ட் இருக்கு. மெக்கானிக்கை வண்டியில உக்கார வெச்சு ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. எஸ்டிமேட் தாளை வாங்காதீங்க, ஜிஎஸ்டி பில் கேளுங்க. பழைய பார்ட் கைக்கு வராம காசு குடுக்காதீங்க.

கடைக்கு விடறதுக்கு முன்னாடி எல்லாத்துலயும் ஒரு பொட்டு வெச்சுடுங்க. வெச்ச கையோட, தேதி தெரியற மாதிரி போட்டோவும் எடுத்துக்குங்க. நான் அதைத்தான் பண்ணாம விட்டேன்.