‘லைஃப்டைம் பிரைமரி’ என்று பிஎஸ்4 கேம் விற்பவர்களிடம் கவனம்: எனக்கு 18,500 ரூபாய் போச்சு

பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷின்) வைத்திருக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். மூன்று கேம், 18,500 ரூபாய். மூன்றும் லொக். விற்றவன் நேற்று இரவு என் நம்பரை ப்ளொக் பண்ணிவிட்டான். கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு வேலைக்குப் போய் வந்து அலுப்பில் விட்டுவிடுவேன், அவன் அடுத்த ஆளிடம் காசு வாங்கிக்கொண்டிருப்பான். இந்த மாதிரி ஆட்களிடமிருந்து எப்படித் தப்புவது என்பதைக் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

நாங்கள் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம். வீட்டில் இருக்கும் பிஎஸ்4 மாமா மகன் கட்டாரிலிருந்து கொண்டு வந்தது, திரும்பிப் போகும்போது எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார். கூடவே இரண்டு டிஸ்க், இரண்டுமே புட்பால். தம்பி ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான், நான் பார்மசியில் வேலை முடிந்து வந்து இரவில் கொஞ்ச நேரம் விளையாடுவேன். (ஆமாம், பெண்பிள்ளைகளும் விளையாடுவோம். கடையில் கொன்ட்ரோலர் கேட்டால் ‘தம்பிக்கா மிஸ்?’ என்று கேட்பதை நிறுத்துங்கள்.) கதை உள்ள கேம் ஏதாவது வாங்கலாம் என்று பார்த்தால், பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இலங்கை என்ற நாடே கிடையாது. எக்கவுண்ட் திறக்கும்போது வேறு ஏதாவது நாட்டைத்தான் காட்ட வேண்டும், அப்புறம் நம்ம பேங்க் கார்ட்டைப் போட்டால் அது எடுக்காது. 2024 மே மாதம் ‘ஹெல்டைவர்ஸ் 2’ பிரச்சினை ஞாபகம் இருக்கும். கம்பியூட்டரில் அந்த கேம் விளையாட பிளேஸ்டேஷன் எக்கவுண்ட் கட்டாயம் என்று சோனி சொல்லி, அந்தச் சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளில் கேமையே விற்பனையிலிருந்து எடுத்தார்கள். உலகமே சத்தம் போட்ட பிறகு எக்கவுண்ட் கட்டாயத்தை மட்டும் கைவிட்டார்கள். நமக்கு மட்டும் இது அன்றைக்கு வந்த பிரச்சினை இல்லை, எப்போதுமே இப்படித்தான். இந்த ஓட்டைக்குள்தான் இந்த எக்கவுண்ட் வியாபாரிகள் எல்லாம் கடை போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கடை கண்டி டவுனில், மாடியில் இருக்கும் ஒரு கேம் கடை. கொன்ட்ரோலர் ரிப்பேர், பழைய கொன்சோல் வாங்கி விற்பது, கூடவே பேஸ்புக்கில் கேம் எக்கவுண்ட் விற்பது. முறைப்பாடு கொடுக்க இருப்பதால் இப்போதைக்குப் பெயர் போடவில்லை. அங்கே கண்டி டவுன் விளையாட்டுப் பிள்ளைகள் எல்லாம் கொமென்ட் போட்டு நெருப்பு, இதயம் என்று வைத்திருந்தார்கள். ‘காட் ஒஃப் வோர் ராக்னரொக்’, ‘கோஸ்ட் ஒஃப் சுஷிமா’, ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’, மூன்றும் சேர்த்து 18,500, லைஃப்டைம் பிரைமரி. அதாவது கேம் வாங்கிய எக்கவுண்டுக்கு நம்ம மெஷினே காலம் முழுக்க முதன்மை மெஷினாக இருக்கும் என்று அர்த்தம். ராக்னரொக் 2022 நவம்பரில் பிஎஸ்4க்கு வந்தபோது அது மட்டுமே 60 டொலர். டொலர் 300க்கு மேல் நிற்கும்போது ஒரு கேமின் காசுக்கு மூன்று கேம் என்றால் யாருக்குத்தான் கை நீளாது.

ஆனால் விலையைப் பார்த்து மட்டும் நான் காசு போடவில்லை. மெசேஜில் விலை கேட்டேன். எழுதிப் பதில் போடாமல் வொய்ஸ் நோட் அனுப்பினான். ‘அக்கா வணக்கம், நீங்க எந்தத் தோட்டம்க்கா?’ இதுதான் முதல் கேள்வி. விலை, மொடல், எந்த வேர்ஷன் எதுவும் கேட்கவில்லை. நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். ‘அட, எங்கம்மா பக்கம் அங்கிட்டுத்தான், மேல் டிவிஷன், கோயிலுக்குப் பின்னாடி லயம்’ என்றான். மேல் டிவிஷனில் கோயில் இருப்பதும் உண்மை, அதற்குப் பின்னால் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருப்பதும் உண்மை. இப்போது யோசித்தால் எந்தத் தோட்டத்து மேல் டிவிஷனில்தான் கோயிலும் லயமும் இல்லை! ‘நம்ம ஆளுங்களுக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன்க்கா, ஏதாவது ஒண்ணுன்னா கடைக்கே வாங்க, நான் இருக்கேன்’ என்று இன்னொரு வொய்ஸ் நோட். பின்னால் கடைச் சத்தம், யாரோ சிங்களத்தில் விலை கேட்கிற சத்தம். அதைக் கேட்டுத்தான் நம்பினேன், உடனே பேங்க் ட்ரான்ஸ்பர் போட்டேன், 18,500.

காசு போனதும் ஒரு ஈமெயிலும் பாஸ்வேர்டும் வந்தன. அதில் லொகின் பண்ணி, எங்கள் பிஎஸ்4ஐ அந்த எக்கவுண்டின் பிரைமரியாகப் போட்டு, கேமை டவுன்லோட் பண்ணிவிட்டு, அப்புறம் எங்கள் சொந்த எக்கவுண்டிலிருந்தே விளையாடலாம் என்றான். ‘பாஸ்வேர்ட் மாத்தக் கூடாது, திரும்பத் திரும்ப லொகின் பண்ணக் கூடாது, பண்ணினா வாரண்டி போயிரும்.’ சரி என்றோம்.

டவுன்லோட் என்பது எங்கள் பக்கம் ஒரு தனி வேலை. வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். ரவுட்டரை ஜன்னல் விளிம்பில், டவர் இருக்கும் மலையைப் பார்த்து, அடியில் ஒரு பழைய பால்மா டின்னை வைத்துத் தூக்கி நிறுத்தினால் இரண்டு கோடு வரும். ராக்னரொக் மட்டும் நூறு ஜிபிக்குக் கிட்ட. நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாவில்தான் இறக்க முடியும். மழையோடு கரண்ட் போனால் திரும்ப வந்து பார்க்க வேண்டும். தம்பி அலாரம் வைத்து எழும்பி எழும்பிப் பார்த்தான். அந்த டேட்டாக் காசையும் தூக்கத்தையும் நான் 18,500க்குள் சேர்க்கவில்லை.

கேம்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவை எந்தப் பாவமும் செய்யவில்லை. சுஷிமாவில் எனக்குப் பிடித்தது காற்று. திரையில் அம்புக்குறி, குட்டி வரைபடம் ஒன்றும் இல்லை, போக வேண்டிய பக்கம் காற்று வீசும், புல் சாய்ந்து வழி காட்டும். 1274 இல் மங்கோலியர் ஜப்பானின் சுஷிமா தீவில் வந்து இறங்கியதை வைத்துக் கட்டிய கதை. ஜின் என்ற சாமுராய், வளர்த்த மாமனின் மரியாதைச் சட்டத்துக்கும் ஊரைக் காப்பாற்றுவதற்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறான். நரியின் பின்னால் ஓடிப் போய்க் கோயிலில் கும்பிடுவது எனக்கு சண்டையைவிடப் பிடித்திருந்தது. ராக்னரொக்கில் அப்பாவும் மகனும் பேசாமல் பேசுகிற இடங்கள் அருமை, அடிக்கும் கோடரி திரும்பிக் கைக்கு வரும்போது கொன்ட்ரோலர் அதிர்வது அதைவிட அருமை. ஆனால் நடுவில் மகனை மட்டும் வைத்துப் பழம் பறிக்கவிடும் அந்த அயர்ன்வுட் காடு பெரிய இழுவை, அதைப் பாதியாக வெட்டியிருக்கலாம். ‘ரெட் டெட்’ தம்பியின் கேம். ஆரம்பப் பனிமலைப் பகுதியில் ‘இது என்னக்கா நடந்துகிட்டே இருக்கான்’ என்று புலம்பினான், பனிமலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்த பிறகு குதிரைக்குத் தீனி போட்டுத் தடவிக்கொடுப்பதற்கென்றே உட்கார்ந்தான்.

சுஷிமாவில் இரண்டாவது பகுதி, தோயோதமா. அந்த இரவு விளையாடலாம் என்று கொன்ட்ரோலரை எடுத்தால் கேம் படத்தின் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு. அழுத்தினால் திறக்க முடியாது என்ற செய்தி. மற்றதை அழுத்தினேன், பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. நான் விளையாடிய சேவ் எல்லாம் என் எக்கவுண்டில் அப்படியே இருக்கிறது. தோயோதமாவில் குதிரையோடு நிற்கிறேன், கேம் மட்டும் திறக்காது.

அன்றிலிருந்து அவன் சொன்னவற்றை வரிசையாகப் போடுகிறேன், யாருக்காவது இதே வசனம் வந்தால் புரிந்துகொள்ளுங்கள். ‘சோனி சர்வர் டவுன்க்கா.’ டவுன் இல்லை, பார்த்தேன். ‘லைசன்ஸ் ரீஸ்டோர் பண்ணுங்க.’ பண்ணினேன். ‘ரவுட்டரை ஓஃப் பண்ணிப் போடுங்க.’ போட்டேன். ‘டெக்னிக்கல் பையன் லீவு, திங்கட்கிழமை வருவான்.’ திங்கட்கிழமை போயா லீவு என்றான், அதுவும் சரி. அப்புறம் ‘உங்க மெஷின் வேற நாட்டு மெஷின்க்கா, அதுலதான் கோளாறு.’ அதே மெஷினில்தானே இவ்வளவு நாளும் ஓடியது என்று கேட்டால் பதில் இல்லை, நீல டிக் மட்டும். கடைசியில் ‘4,000 போடுங்க, புது எக்கவுண்ட் மாத்தித் தாரேன்’. 18,500க்கு மேல் இன்னும் 4,000! அம்மா அன்றைக்கு மலையிலிருந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கியவுடன் தொகையைக் கேட்டார். என் சம்பளக் காசுதான், ஆனாலும் அவர் பேர்க் கணக்கில்தான் (ஒரு நாள் வேலை ஒரு பேர்) போட்டுப் பார்த்தார். 2024 இல் 1,350 ஆக்கிய நாட்சம்பளத்தில் ஏறக்குறைய பதினான்கு நாள் பேர். ஒன்றும் சொல்லாமல் முகம் கழுவப் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

லீவு போட்டு பஸ் ஏறிக் கண்டிக்கே போனேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று அந்த வளைவெல்லாம் சுற்றிப் போய் மாடி ஏறினால் கவுண்டரில் வேறு ஆள். வொய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டினேன். ‘ஒன்லைன் எக்கவுண்ட் விக்கிறது நாங்க இல்ல மிஸ், அது வேற ஆள், எங்க பேஜை அவர் கொஞ்ச நாள் பார்த்தாரு’ என்றார். அவர் எங்கே என்றால் வெளிநாடு போய்விட்டாராம். வெளிநாடு போனவர் நேற்று இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் என்னை ப்ளொக் பண்ணியிருக்கிறார். பேங்க்கில் கேட்டால், நீங்களே விரும்பிப் போட்ட காசைத் திருப்ப முடியாது என்கிறார்கள். பொலிஸில் ‘விளையாட்டுச் சாமானுக்கா?’ என்று சிரித்துவிட்டு, எழுதித் தாருங்கள் பார்ப்போம் என்றார்கள்.

பிறகு கொழும்பில் கொன்சோல் ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவர்தான் சூட்சுமத்தை உடைத்தார். ஒரு எக்கவுண்டுக்கு ஒரு பிஎஸ்4 மட்டும்தான் பிரைமரி. அந்த மெஷினில் யார் வேண்டுமானாலும் அந்த கேமை விளையாடலாம், வேறு மெஷின்களில் அந்த எக்கவுண்டிலேயே லொகின் பண்ணி இன்டர்நெட்டோடு இருந்தால்தான் ஓடும். ஆனால் எக்கவுண்டுக்காரர் எல்லா மெஷினையும் இருந்த இடத்திலிருந்தே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிவிடலாம். ஈமெயில் அவனுடையது, போனுக்கு வரும் கோட் அவனுடையது. என்னைக் கழற்றிவிட்டு அதே எக்கவுண்டை இன்னொருவருக்குப் பிரைமரி என்று விற்றிருப்பான், அந்தப் பிள்ளையும் இன்னும் கொஞ்ச நாளில் பூட்டைப் பார்க்கும். சோனியிடம் போகவும் வழியில்லை, எக்கவுண்டை விற்பதே அவர்களுடைய விதிப்படி கூடாது. அவனுக்கு அது நன்றாகத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் ‘லைஃப்டைம்’ என்று சொல்கிறான். அவன் விற்றது கேம் இல்லை, அவன் நினைக்கும்வரை வாடகைக்கு ஒரு இருக்கை, 18,500 முன்பணம்.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், கை வலிக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பிஎஸ்4க்கு முடிந்தால் டிஸ்க்காக வாங்குங்கள், பழையது என்றாலும் பரவாயில்லை, யாரும் தூரத்திலிருந்து பூட்ட முடியாது, முடித்துவிட்டு விற்கவும் செய்யலாம். ‘பாஸ்வேர்ட் மாத்தாதீங்க’ என்று சொல்பவனிடம் எதையும் வாங்காதீர்கள். கடைப் பெயர் போட்ட ரசீது கேளுங்கள், பேங்க் எக்கவுண்டின் பெயரும் கடைப் பெயரும் ஒன்றா பாருங்கள் (எனக்கு வந்தது ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது). எந்தத் தோட்டம் என்று கேட்டால் கேட்கட்டும், காசை மட்டும் போடாதீர்கள். ரசீது இருப்பவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் சொல்லலாம்.

வொய்ஸ் நோட், ஸ்கிரீன்ஷொட், பேங்க் ஸ்லிப் எல்லாம் என்னிடம் இருக்கிறது. கண்டியில் அந்த மாடிக் கடை எது என்று உங்களுக்கும் தெரிந்து, உங்கள் காசும் போயிருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள். தனியாகப் போனால் விளையாட்டுச் சாமானுக்கு அழுகிற பிள்ளை என்று பார்க்கிறார்கள், நாலு பேராகப் போய் எழுதிக் கொடுப்போம்.