ஈரக் குளிரில் முதல் டூயத்லான்: கஸ்டெல்லி கப்பா ஜெர்சி தேறுமா?

பிரிட்டனில் ஏரித் தண்ணீர் நீந்துகிற பதத்துக்கு வருவதற்குள் மே மாதம் ஆகிவிடும். அதுவரை ஓட்டமும் சைக்கிளும் மட்டும் சேர்ந்த டூயத்லான்தான். ஓல்டன் பார்க், காசில் கோம் போன்ற கார் பந்தயத் தடங்களில் இந்தப் போட்டிகள் நடக்கும். தடத்தில் வண்டி நெரிசல் இருக்காது என்பதால் புதியவர்களுக்கு ஏற்றது. ஆனால் காசில் கோம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளம். அங்கே காற்றை மறிக்க ஒன்றும் கிடையாது. மார்ச் மாதக் காலை, 5 டிகிரி, விடாத தூறல் என்றால் முதல் போட்டிக்கு எதை உடுத்துவது என்பதே பெரிய கேள்வி.

வழக்கமான தூரம் 10 கிலோமீட்டர் ஓட்டம், 40 சைக்கிள், மறுபடி 5 ஓட்டம். ஸ்பிரின்ட் என்றால் அதில் பாதி. சைக்கிள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இல்லாத தொல்லை ஒன்று இதில் உண்டு: சைக்கிளில் ஏறும்போதே உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும். ஓடிய சூட்டில் முதல் பத்து நிமிடம் குளிர் தெரியாது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 5 டிகிரி காற்று மேலே பட்டால், காய்ந்த தோலுக்கே அது 0 டிகிரி போலத்தான். ஈரத் துணிக்குள் இருக்கும் உடம்புக்கு இன்னும் மோசம். கை விறைத்துவிட்டது என்று தெரியவரும்போது பாதித் தூரம் கடந்திருக்கும்; அதற்கு மேல் அதைச் சூடேற்ற வழியில்லை.

இந்த இடத்துக்குத்தான் இத்தாலிய நிறுவனமான கஸ்டெல்லியின் கப்பா ஜெர்சி பொருந்துகிறது. நார்வே சைக்கிள் வீரர் கேப்ரியல் ராஷின் செல்லப்பெயர் 'கப்பா'. ஜெர்சியின் பெயர் அங்கிருந்து வந்தது. மழைக்கோட்டு போல உடம்பைப் புழுக்காமல், சாதாரண ஜெர்சி போல நனைந்து தொங்காமல், இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்பது அதன் யோசனை. 2013 மிலான் – சான் ரெமோ பந்தயத்தில் பனி கொட்டி, நடுவில் வீரர்களைப் பேருந்தில் ஏற்றி மலையின் அடுத்த பக்கம் இறக்க வேண்டியதாயிற்று. அன்று வேறு நிறுவனங்களோடு ஒப்பந்தத்தில் இருந்த வீரர்கள்கூட நிறுவனச் சின்னத்தைக் கறுப்பால் மறைத்துக்கொண்டு கப்பாவை அணிந்தார்கள்.

முதலில் வந்த கப்பாவின் துணி, கோர் நிறுவனத்தின் விண்ட்ஸ்டாப்பர். காற்றை முழுதாக நிறுத்தும், தண்ணீரை ஓரளவுக்குத்தான். மேலே துளி உருண்டு ஓடுவது துணிமேல் பூசிய பூச்சால். தையல்கள் முழுக்க அடைக்கப்பட்டவை அல்ல, எனவே அடைமழையில் தோள்பட்டைத் தையல் வழியே தண்ணீர் இறங்கத்தான் செய்யும். 40 கிலோமீட்டரைப் புதியவர் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பார். அந்த நேரத்துக்கு இது தாங்கும். நனைந்தாலும் காற்று உள்ளே வராததால் உள்ளே தங்கிய ஈரம் உடம்புச் சூட்டிலேயே இருக்கும். இதுதான் இந்த ஜெர்சியின் முழு மதிப்பும். பின்பக்கம் நீளமாக இறங்கும் வால், பின்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீரை இடுப்புக்கு வரவிடாது. முதுகுப் பைகளில் தண்ணீர் வடிய வழி இருக்கிறது.

அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். இத்தாலிய வெட்டு, நம் வழக்கமான அளவைவிட ஒரு படி பெரிதாக எடுங்கள். இறுக்கமாக இருந்தால் ஓடும்போது மார்பு விரிய இடமிருக்காது.

எப்போது போடுவது என்பதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். ஓட்டத்தை மெல்லிய பனியனில் முடித்து, ட்ரான்சிஷனில், அதாவது ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்தில், ஜெர்சியை மாட்டிக்கொள்ளலாம் என்று திட்டமிடுவார்கள். ஈர உடம்பில் இறுக்கமான துணி தோளில் சுருண்டு நிற்கும். ஜிப்பின் அடிமுனையைக் கோக்க விறைத்த விரல் ஒத்துழைக்காது. ஒரு நிமிடத்துக்கு மேல் அங்கேயே போகும். அதைவிட, மெல்லிய உள்பனியன் மேல் குட்டைக் கை கப்பாவைத் தொடக்கத்திலேயே அணிந்து, ஜிப்பை நெஞ்செலும்பின் அடிமுனை வரை இறக்கிவிட்டு ஓடுங்கள். ஆர்ம் வார்மரை (தனியாக மாட்டும் கைப்பகுதியை) மணிக்கட்டில் சுருட்டி வையுங்கள். முதல் ஓட்டம் முடிய 200 மீட்டர் இருக்கும்போது, கை இன்னும் சூடாக இருக்கையிலேயே, ஜிப்பை ஏற்றி வார்மரையும் இழுத்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் மறுபடி இறக்கலாம். நீளக் கை வகை ஓடுவதற்கு வெந்துவிடும், வேண்டாம்.

ஆனால் கப்பா எவ்வளவு நல்லதானாலும் போட்டியைக் காப்பாற்றுவது கையும் காலும்தான். பணம் குறைவாக இருந்தால் முதலில் நியோப்ரீன் (நுரை ரப்பர்) கை உறை வாங்குங்கள், ஜெர்சியை அப்புறம் பார்க்கலாம். விறைத்த கையால் பிரேக் பிடிக்க முடியாது, கியர் மாற்ற முடியாது, சைக்கிளை நிறுத்திய பிறகு ஹெல்மெட் பக்கிளைக் கழற்றவும் முடியாது. சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்கு முன் பக்கிள் பூட்டியிருக்க வேண்டும், திரும்ப மாட்டிய பிறகே திறக்கலாம் என்பது விதி. பக்கிளோடு மல்லாடி நிற்பவர்களை ஒவ்வொரு குளிர்காலப் போட்டியிலும் பார்க்கலாம். நியோப்ரீன் ஈரக் கையில் ஏறாது. அதற்கு ஒரு வழி: மருத்துவமனைகளில் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறையை ஓட்டத்தின்போதே அணிந்துகொள்ளுங்கள். அதன்மேல் ஓர் அளவு பெரிய நியோப்ரீன் உறை வழுக்கிக்கொண்டு ஏறும், சூடும் கூடும்.

காலுக்கு முழு ஓவர்ஷூ டூயத்லானுக்கு உதவாது. ஷூவை மாட்டி, அதன்மேல் உறையை இழுத்து, பின்ஜிப்பைப் பூட்ட யாருக்கும் நேரமில்லை. விரல் பகுதியை மட்டும் மூடும் டோ கவரை முந்தின நாள் இரவே சைக்கிள் ஷூவில் மாட்டிவிடுங்கள். காற்றோட்டத் துளைகளை உள்ளிருந்து டேப் ஒட்டி அடையுங்கள். தண்ணீர் புகாத சாக்ஸ் ஆசையைத் தூண்டும். ஆனால் கணுக்கால் வழியே இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியின்றி உள்ளேயே தங்கும். அந்தக் கனத்தோடு ஓட வேண்டிவரும். மெல்லிய கம்பளி சாக்ஸே மேல். ஸ்பிரின்ட் தூரம் என்றால் ஓட்டக் காலணியோடே சாதாரண பெடலில் ஓட்டிவிடலாம், மாற்றும் வேலையே மிச்சம். இரண்டு ஷூக்களையும் ட்ரான்சிஷனில் பிளாஸ்டிக் பைக்குள் கவிழ்த்து வையுங்கள்.

சைக்கிளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டயர் 28 மில்லிமீட்டர், காய்ந்த சாலைக்கு வைப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு காற்றுக் குறைவாக. சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் சக்கரத்தின் முதல் சில சுற்று தண்ணீரை வழிப்பதிலேயே போகும், அதனால் வளைவுக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டுவையுங்கள். வெள்ளைக் கோட்டின் மேல் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். எண் பட்டையின் துளைகளுக்கு இருபுறமும் டேப் ஒட்டுங்கள், நனைந்த காகிதம் கிழிந்து பறந்துவிடும். போட்டியின் நடுவே சாப்பிடும் சத்து ஜெல் பாக்கெட்டை விறைத்த கையால் கிழிக்க முடியாது. அதைப் புட்டித் தண்ணீரிலேயே கரைத்துவிடுங்கள். 500 மில்லியில் 40 கிராம் மாவுச்சத்து இருந்தால் சைக்கிள் கட்டத்துக்குப் போதும்.

விலைதான் கப்பாவின் உறுத்தல். புதிதாக வாங்கினால் 200 பவுண்ட் பக்கம் போகும். ஸ்பிரின்ட் மட்டும் ஓடப்போகிறவர் அவ்வளவு கொடுக்க வேண்டாம். காற்றைத் தடுக்கும் கையில்லாச் சட்டை ஒன்றை ஓட்டப் பனியன் மேல் அணிந்தாலே 20 கிலோமீட்டரைக் கடந்துவிடலாம். 3 டிகிரிக்குக் கீழே அடைமழை என்றால் கப்பாவும் போதாது. நடுக்கம் அடங்காமல், பேச்சு குழறத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி ஊழியரைக் கூப்பிடுங்கள். குளிர் காலம் முழுக்கச் சைக்கிளில் வெளியே போகிறவருக்கு, வழக்கமான தூரத்துக்கு, இந்த ஜெர்சியைத் தயங்காமல் சொல்லலாம்.

துவைப்பதில் ஒன்று. துணி மென்மையாக்கும் திரவம் பட்டால் மேல்பூச்சு வேலை செய்யாது. மழைத்துணிக்கான சோப்பில் 30 டிகிரியில் துவையுங்கள். உள் லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் உலர்த்தியில் சிறிது நேரம் போடுங்கள், சூடு பட்டால் பூச்சு உயிர்பெறும். அதன் பிறகும் துளி உருளாமல் துணியில் பரவினால், போட்டிக்கு ஒரு வாரம் முன்பே புதுப் பூச்சு தெளித்து, குழாயடியில் பிடித்துச் சோதித்துவிடுங்கள்.